வீட்டுவாசலும் சட்டமன்றமும்: சமூகப்பணிக் கல்வியின் பிளவு குறித்துச் சில குறிப்புகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்று ஒரு கூட்டுப் பட்டம் தருகிறார்கள். சமூகப்பணியில் ஒரு முதுகலை, சமூகக் கொள்கையிலோ பொதுக் கொள்கையிலோ இன்னொரு முதுகலை. தனித்தனியாகப் படித்தால் நாலு வருஷம் ஆகும். சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் மூன்றே வருஷம். இதற்கு நியாயம் சொல்கிறவர்கள் பாலம் என்கிற உருவகத்தை விடுவதில்லை. ஒரு கரையில் குடும்பத்தின் கதையைக் கேட்டு எழுதிக்கொள்கிற களப்பணியாளர். மறுகரையில் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு சட்டவரைவு எழுதுகிற நிபுணர். பட்டம் வாங்கியவர் இரண்டு கரைக்கும் போய்வருவாராம். நல்ல காரியம்தான். ஆனால் சேர்க்க வேண்டிய அவசியம் வந்தது என்றாலே எப்போதோ யாரோ பிரித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? யார் பிரித்தது, பிரித்ததில் யாருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பார்க்காமல் 'ஒருங்கிணைப்பு' பற்றிப் பேசுவது வெறும் நிர்வாகப் பேச்சு.

இந்தப் பிளவு நமக்கு அந்நியமானதல்ல. நம் தோழர்கள் மத்தியில் முப்பது நாற்பது வருஷமாக ஓயாத சண்டை ஒன்று இருக்கிறது. 'தொண்டு நிறுவனக்காரர்கள்' தனித்தனி ஆட்களின் கண்ணீரைத் துடைத்துவிட்டு அமைப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு பக்கம். 'கட்சிக்காரர்கள்' அமைப்பு மாறட்டும் என்று சொல்லிக்கொண்டு இன்றைக்கு ரேஷன் கார்டு இல்லாமல் அலைகிற கிழவியைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் தங்கள் வாதத்தைத் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. இதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. லண்டனில் ஓர் அரசாங்கக் கமிஷனுக்குள் இரண்டு பெண்கள் எதிரெதிராக உட்கார்ந்து போட்ட சண்டை இது.

*

இங்கிலாந்தின் 1834-ஆம் வருஷத்து ஏழைகள் சட்டம் ரொம்பக் கறாரானது. உதவி வேண்டுமா, உழைப்பு விடுதிக்குள் வா. விடுதிக்குள் உன் நிலைமை வெளியே இருக்கிற கடைநிலைக் கூலியின் நிலைமையைவிட மோசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் உதவி கேட்க வெட்கப்படுவாய். இந்தச் சட்டத்தை மறுபரிசீலனை செய்ய 1905-இல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். அதில் ஹெலன் போசன்கே இருந்தார். பியாட்ரிஸ் வெப்பும் இருந்தார்.

போசன்கே 1869-இல் தொடங்கப்பட்ட அறநிதி ஒழுங்கமைப்புச் சங்கத்தைச் சேர்ந்தவர். வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்காதே, ஒவ்வொரு குடும்பமாக விசாரி, வீட்டுக்குப் போய்ப் பார், எழுதி வை, தகுதியுள்ளவருக்கு மட்டும் உதவு. இதுதான் சங்கத்தின் முறை. இன்று சமூகப்பணிப் பாடத்தில் தனிநபர் பணி என்று நடத்தப்படுவதன் விதை இங்கேதான் விழுந்தது. பியாட்ரிஸ் வெப்பும் இளம்வயதில் இதே சங்கத்துக்காக வீடுவீடாகப் போனவர்தான். கட்டடம் ஒன்றில் வாடகை வசூலித்தவர். பிறகு சார்லஸ் பூத் நடத்திய லண்டன் வறுமை ஆய்வில் சேர்ந்து வேறொரு முடிவுக்கு வந்து சேர்ந்தார். வறுமையை வீட்டுக்கு வீடு விசாரித்துத் தீர்க்க முடியாது. வேலையின்மைக்கு ஒரு துறை, நோய்க்கு ஒரு துறை, குழந்தைகளுக்கு ஒரு துறை என்று அரசு பொறுப்பேற்க வேண்டும். ஏழைகள் சட்டத்தையே கலைத்துவிட வேண்டும் என்றார் அவர். 1909-இல் பெரும்பான்மை அறிக்கை, சிறுபான்மை அறிக்கை என்று இரண்டு வந்தன. சிறுபான்மை அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் நாலே பேர்.

இந்த இடத்தில் நம் இடதுசாரி நண்பர்கள் உடனே வெப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். நானும் சாய்கிறேன், ஆனால் முழுசாக இல்லை. சிறுபான்மை அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால், வேலை கொடுத்தும் செய்ய மறுப்பவர்களைத் தடுப்புக் குடியிருப்புகளில் அடைத்துத் திருத்துவது பற்றிய யோசனையும் அதில் உண்டு. மறுபக்கம் போசன்கே, ஷோர்டிட்ச் மாதிரியான ஏழைப் பகுதியில் வேலை பார்த்தவர். தொழிலாளர் குடும்பத்துப் பெண் வாரக்கூலியை எப்படிப் பங்கிட்டுச் செலவழிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் திறமையின் மேல் மரியாதையும் இருந்தது. நிபுணர்களின் அரசு அந்தப் பெண்ணை ஒரு எண்ணாக ஆக்கிவிடும் என்று அவர் பயந்தது முழுக்கவும் பிற்போக்கு அல்ல. ஒருவர் ஏழையின் குணத்தைத் திருத்தப் பார்த்தார்; மற்றவர் ஏழையின் நடமாட்டத்தை நிர்வகிக்கப் பார்த்தார். ஏழை எதுவும் சொன்னதாக இரண்டு அறிக்கைகளும் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை.

இனி நடந்ததுதான் சுவாரஸ்யம். அந்தச் சங்கம் 1903-இல் தன் ஊழியர்களைப் பயிற்றுவிக்கச் 'சமூகவியல் பள்ளி' ஒன்றைத் தொடங்கியிருந்தது. பணமில்லாமல் தடுமாறிய அந்தப் பள்ளி 1912-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியோடு இணைந்தது. வெப் தம்பதியர் முன்நின்று 1895-இல் நிறுவிய அதே பள்ளி! சித்தாந்தச் சண்டையில் எதிரெதிராக நின்றவர்கள் ஒரே கூரைக்குக் கீழ், ஒரே துறையில். சமூகப்பணியையும் சமூகக் கொள்கையையும் சேர்த்துப் படிக்கிற முதல் 'கூட்டுப் படிப்பு' என்று இதைச் சொல்லலாம் என்பது என் எண்ணம். அதைச் சாத்தியமாக்கியது கருத்தொற்றுமை அல்ல, பணம். பணம் எங்கிருந்து வந்தது? பம்பாயிலிருந்து.

ஜாம்ஷெட்ஜி டாடாவின் இளைய மகன் சர் ரத்தன் டாடா, வறுமையின் காரணங்களை ஆராய்வதற்காக லண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் நிதி கொடுத்தார். ரத்தன் டாடா அறக்கட்டளை என்று அதற்குப் பெயர். அதற்கு இயக்குநராக 1913-இல் வந்த ஆர். எச். டானி, சங்கிலி செய்யும் தொழிலிலும் தையல் தொழிலிலும் குறைந்தபட்சக் கூலி என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று ஆராய்ந்து 1914-இலும் 1915-இலும் புத்தகங்கள் வெளியிட்டார். வறுமையை ஏழையின் வீட்டில் தேடாதே, தொழில் நடக்கிற இடத்தில் தேடு என்பதுதான் டானியின் நிலைப்பாடு. இங்கிலாந்துத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை ஆராய்வதற்குப் பணம் கொடுத்த செல்வத்தில் பெரும்பங்கு இந்தியப் பஞ்சாலைகளிலிருந்தும் வணிகத்திலிருந்தும் வந்தது. இந்தியப் பஞ்சாலையில் வயதுவந்த ஆண் தொழிலாளியின் வேலைநேரத்துக்கு முதன்முதலாக ஒரு வரம்பு வந்தது 1911-ஆம் வருஷத்துச் சட்டத்தில். அந்த வரம்பு ஒரு நாளைக்குப் 12 மணி நேரம். குறைந்தபட்சக் கூலிக்கு இந்தியாவில் சட்டம் வர 1948 ஆனது. டாடாவின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. அறிவு எந்தத் திசையில் பாய்கிறது, பணம் எந்தத் திசையில் பாய்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

1912-இல் அந்தத் துறைக்கு விரிவுரையாளராக வந்தவர்களில் ஒருவர் கிளமென்ட் அட்லி. கிழக்கு லண்டனின் சேரிப்பகுதியில் பையன்கள் மன்றம் நடத்தியவர். சிறுபான்மை அறிக்கைக்காக ஊர் ஊராகப் பிரச்சாரம் ஏற்பாடு செய்தவர். படிப்புத் தகுதியைவிட இந்தக் கள அனுபவத்துக்காகவே அவரை எடுத்தார்கள். 1920-இல் சமூகப் பணியாளரைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1945-இல் பிரதமரானார். ஏழைகள் சட்டத்தின் கடைசி மிச்சத்தை 1948-இல் துடைத்தெறிந்தது அவருடைய அரசாங்கம்தான். வீட்டுவாசலிலிருந்து சட்டமன்றத்துக்கு நேராக நடந்துபோன மனிதர் என்று யாரையாவது காட்டச் சொன்னால் இவரைக் காட்டலாம். ஆனால் அவர் நடந்தது பட்டத்தின் வழியாக அல்ல, தொழிற்கட்சியின் வழியாக.

*

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கதை வேறு மாதிரி. மேரி ரிச்மண்ட் 1897-இல் டொரான்டோ மாநாட்டில், அறப்பணிக்கு ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று பேசினார். அடுத்த வருஷமே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைக்காலப் பயிற்சி தொடங்கிவிட்டது. பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக வளர்ந்தது இதுதான். ரிச்மண்ட் 1917-இல் எழுதிய 'சமூக நோயறிதல்' என்கிற தடித்த புத்தகம் இந்தத் தொழிலின் வேதமானது. தலைப்பையே கவனியுங்கள். மருத்துவத்திலிருந்து கடன் வாங்கியது. யாரிடம் என்ன கேட்க வேண்டும், உறவினர் சொல்வதை எவ்வளவு நம்பலாம், முதலாளியிடம் விசாரிக்கலாமா, பள்ளி ஆசிரியரிடம் எதைக் கேட்பது என்று சாட்சியங்களைத் தரம்பிரிக்கிற ஒரு பெரிய எந்திரம். கோப்பு இல்லாமல் ஏழை இல்லை.

கண்காணிப்பும் அறிவும் ஒன்றையொன்று பெற்றெடுக்கிற இடம் இது என்று பூக்கோ படித்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். சரிதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், அந்தக் கோப்பை எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும், வேறு எந்தத் தொழிலும் அவர்களைச் சுலபமாக உள்ளே விடவில்லை என்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அவர்களுக்குத் 'தொழில்' என்கிற அந்தஸ்து தேவைப்பட்டது. 1915-இல் பால்டிமோர் மாநாட்டில், மருத்துவக் கல்வியைச் சீர்திருத்தியவர் என்று பேர்வாங்கிய ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னரைப் பேசக் கூப்பிட்டார்கள். சமூகப்பணி இன்னும் ஒரு தொழிலே ஆகவில்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். மற்ற தொழில்களுக்கு நடுவே தூது போகிற வேலை, தனக்கென்று ஒரு நுட்பம் இல்லை என்பது அவருடைய வாதம். இந்தத் தீர்ப்பு ஏற்படுத்திய தாழ்வுணர்ச்சி ரொம்ப நாள் தங்கியது. நுட்பம் வேண்டுமென்று தேடியவர்கள் உளவியலிடம் போய்ச் சேர்ந்தார்கள். 1920-களில் பிராய்ட் வந்தார். கூலி, வாடகை, வேலைநேரம் எல்லாம் பின்னால் போய் மனம் முன்னால் வந்தது.

இந்தப் போக்குக்கு எதிராக நின்ற இடம் சிகாகோ. அங்கேயிருந்த பள்ளிக்கு 1908-இல் 'குடிமையியலும் அறப்பணியும்' என்று பெயர். இரண்டு சொல்லையும் சேர்த்து வைத்ததே ஒரு நிலைப்பாடு. அதன் ஆய்வுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர்கள் சோஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜும் எடித் அபட்டும். ஜேன் ஆடம்ஸ் 1889-இல் தொடங்கிய ஹல் ஹவுஸில் இருந்தவர்கள். பிரெக்கின்ரிட்ஜ் 1901-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1904-இல் அதே பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டமும் வாங்கினார். இரண்டிலும் அங்கே அவர்தான் முதல் பெண். இவ்வளவு படித்தவருக்கு அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த வேலை எந்தத் துறையில் தெரியுமா? மனை நிர்வாகத் துறையில். அபட் 1905-இல் பொருளாதாரத்தில் முனைவர். லண்டனுக்குப் போய் வெப் தம்பதியரின் வட்டத்தில் படித்துவிட்டு வந்தவர். அரசியல் அறிவியலும் பொருளாதாரமும் கதவைச் சாத்தியதால் அந்த இரண்டையும் மூட்டை கட்டிக்கொண்டு சமூகப்பணிக்குள் வந்தார்கள். ஆகவே அவர்களுடைய பாடத்திட்டத்தில் சட்டம், புள்ளியியல், ஏழைகள் சட்ட வரலாறு, பொதுநல நிர்வாகம் எல்லாம் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. களப்பணியும் இருந்தது, ஆனால் அது மட்டுமே இல்லை. 1920-இல் பள்ளியைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். 1924-இல் அபட் அதன் தலைவரானார். அமெரிக்காவில் பட்டமேற்படிப்புப் பள்ளி ஒன்றுக்குத் தலைவரான முதல் பெண் அவர். அந்தப் பள்ளியின் பெயரில் 'சமூக சேவை நிர்வாகம்' என்றுதான் இருந்தது. 2021-இல் அந்தப் பெயரை மாற்றிச் சமூகப்பணி, கொள்கை, நடைமுறை என்ற மூன்றையும் ஒரு நன்கொடையாளர் குடும்பத்தின் பெயரோடு சேர்த்துப் பலகையில் எழுதினார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரே சொல்லுக்குள் இருந்ததைத்தான்.

நியூயார்க்கும் சிகாகோவும் நேருக்கு நேர் மோதிக்கொண்டது விதவைத் தாய்மார்களுக்கான ஓய்வூதியப் பிரச்சினையில். மாநிலம் முழுவதற்குமான முதல் சட்டம் 1911-இல் இல்லினாய் மாநிலத்தில் வந்தது. ரிச்மண்ட் எதிர்த்தார்: அரசாங்கம் பணம் கொடுத்தால் விசாரணையின் நுட்பம் போய்விடும், அரசியல்வாதிகள் கையில் சிக்கிவிடும் என்று. சிகாகோ பெண்கள் ஆதரித்தார்கள். அமலாக்கத்தை ஆராய்ந்து 1921-இல் ஒரு விரிவான ஆய்வையும் வெளியிட்டார்கள். கொள்கைப் பக்கம் ஜெயித்தது. ஆனால் ஜெயித்த சட்டத்துக்குள்ளேயே 'தகுதியான வீடு' என்று ஒரு நிபந்தனை இருந்தது. தாயின் ஒழுக்கம் சரியா, வீடு சுத்தமா, வருகிறவர் போகிறவர் யார் என்று போய்ப் பார்க்க ஒரு விசாரணையாளர் வேண்டும். ரிச்மண்டின் கோப்பு பின்வாசல் வழியாகச் சட்டத்துக்குள் நுழைந்தது என்றே சொல்ல வேண்டும்.

1935-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இது தேசிய அளவுக்குப் போனது. எடித்தின் தங்கை கிரேஸ் அபட், 1921 முதல் 1934 வரை மத்திய அரசின் குழந்தைகள் பணியகத்துக்குத் தலைவராக இருந்தவர், இதில் முக்கியப் பங்கு வகித்தார். தொழிலாளர் துறைச் செயலாளர் பிரான்சிஸ் பெர்கின்ஸ் சமூகப்பணிப் பின்னணியில் வந்தவர். நிவாரணத்தைக் கையில் வைத்திருந்த ஹாரி ஹாப்கின்ஸும் அப்படியே. சமூகப் பணியாளர்கள் கொள்கையின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருந்த காலம் அது. அந்தச் சட்டத்தின் முதியோர் காப்பீட்டிலிருந்து விவசாயக் கூலிகளும் வீட்டுவேலை செய்பவர்களும் விலக்கப்பட்டார்கள். தெற்கு மாநிலக் கறுப்பர்களில் பெரும்பாலோர் பார்த்த வேலைகள் இவைதாம். வெள்ளைத் தெற்கின் அரசியல் அழுத்தமா, நிர்வாகச் சிக்கலா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். விலக்கப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தாய்மார் உதவித்தொகை அடுத்த முப்பது வருஷத்தில் என்ன ஆனது என்பதைச் சமூகப்பணி மாணவர்கள் முதல் நாள் வகுப்பிலேயே படிக்க வேண்டும். 1950-களிலும் 60-களிலும் பல மாநிலங்களில் ஊழியர்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் உதவி பெறும் பெண்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள் ஆம்பளை ஒளிந்திருக்கிறானா என்று பார்க்க. இருந்தால் அவன் 'மாற்றுத் தந்தை', உதவி நின்றுவிடும். கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டத்தில் 1963-இல் இப்படி ஒரு கூட்டுச் சோதனைக்கு உத்தரவு வந்தபோது பென்னி பாரிஷ் என்கிற ஊழியர் போக மறுத்தார். வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். 1967-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, மீண்டும் வேலையும் நின்றுபோன சம்பளமும் கொடுக்கச் சொன்னது. அடுத்த வருஷம் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அலபாமாவின் 'மாற்றுத் தந்தை' விதியைச் செல்லாது என்றது.

பாரிஷுக்கு எந்தக் கூட்டுப் பட்டமும் தேவைப்படவில்லை. ஒரு கீழ்நிலை ஊழியர் 'நான் போகமாட்டேன்' என்றது கொள்கையை மாற்றியது. ஆனால் அவர் தனியாகவும் இல்லை. உதவி பெறும் பெண்கள், அதிலும் கறுப்பினத் தாய்மார்கள், அந்தச் சமயத்தில் திரண்டுகொண்டிருந்தார்கள். தேசிய நலவுரிமை அமைப்பு 1966-இல் உருவானது. ஜானி டில்மன் போன்றவர்கள், 'பயனாளி' என்று கோப்பில் எழுதப்பட்டவர்கள், தாங்களே அலுவலகத்துக்குள் நுழைந்து விதிப்புத்தகத்தைக் கேட்டார்கள். கொலம்பியா சமூகப்பணிப் பள்ளியின் பேராசிரியர் ரிச்சர்ட் கிளோவர்டும் பிரான்சிஸ் பாக்ஸ் பைவனும், உதவிக்குத் தகுதியுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் இந்த முறையே நொறுங்கும், நொறுங்கினால் உத்தரவாத வருமானம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1966-இல் எழுதினார்கள். ரிச்மண்டின் பள்ளியிலிருந்து இப்படி ஒரு குரல்! நொறுங்கியதா? நியூயார்க்கில் பட்டியல் நீண்டது; கூடவே எதிர்வினையும் நீண்டது. 1996-இல் கிளிண்டன் கையெழுத்துப் போட்ட சட்டம் 1935-இலிருந்து வந்த அந்த உதவித்தொகையையே முடித்துவைத்தது. சட்டத்தின் பெயரிலேயே 'தனிமனிதப் பொறுப்பு' என்று இருந்தது. ஹெலன் போசன்கேயின் அகராதி வாஷிங்டனில் கொள்கை நிபுணர்களின் கைவழியாகவே அச்சேறியது. எதிர்த்து ராஜினாமா செய்த உயர் அதிகாரிகளும் உண்டு. பீட்டர் எடல்மன் அவர்களில் ஒருவர்.

*

சிகாகோவில் படித்துவிட்டு, அமெரிக்க மராத்தி மிஷன் ஊழியராக பம்பாய்க்கு வந்தவர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட். நாக்பாடாவில் அண்டைவீட்டு மையம் ஒன்றை நடத்தினார். அங்கேதான் 1936-இல் சர் தோராப்ஜி டாடா பட்டமேற்படிப்புச் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. லண்டனுக்குப் பணம் கொடுத்தது தம்பி. பம்பாய்ப் பள்ளிக்குப் பணம் வந்தது அண்ணன் பெயரிலான அறக்கட்டளையிலிருந்து. நடுவில் 24 வருஷம். 1944-இல் அது டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது.

மான்ஷார்ட்டுக்குப் பின் இயக்குநரானவர் ஜே. எம். குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் சகோதரர். இந்த அண்ணன் தம்பிகளைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும். ஜே. சி. கொலம்பியாவில் பொதுநிதி படித்தவர். இந்தியாவின் வறுமைக்கும் அரசு வரவுசெலவுக்கும் உள்ள தொடர்பை எழுதியவர். குஜராத்தின் மாத்தர் வட்டத்தில் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்து, அதிலிருந்து நிலவரி பற்றிய வாதத்துக்கு வந்தவர். ஒருவர் கொள்கையை வீட்டுவாசலிலிருந்து எழுதினார். இன்னொருவர், வீட்டுவாசலுக்குப் போகிறவர்களைப் பயிற்றுவிக்கிற நிறுவனத்தை நடத்தினார்.

அந்தப் பயிற்சி யாருக்குப் பயன்பட்டது? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கிற ஆலைகளில் நலஅதிகாரி வைக்க வேண்டும் என்றது. சமூகப்பணிப் பட்டதாரிகள் பலருக்கு வேலை கிடைத்தது. தொழிலாளி நலனைப் பார்க்க வந்தவருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஆலை முதலாளி. இந்த நலஅதிகாரி மெல்ல மெல்லப் பணியாளர் மேலாளர் ஆகி, பிறகு மனிதவள மேலாளர் ஆன கதை நமக்குத் தெரிந்ததுதான். ஆலைவாசலில் நின்றவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் இந்தியாவில் இந்த விவாதத்தின் மிகக் கூர்மையான பிரதி எந்தப் பள்ளியிலும் எழுதப்படவில்லை. அது கப்பலில் எழுதப்பட்ட ஒரு கடிதம். பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு 1932 செப்டம்பர் கடைசியில் தீண்டாமை எதிர்ப்புச் சங்கம் ஒன்று உருவானது. பிற்பாடு ஹரிஜன சேவா சங்கம் என்று ஆனது அதுதான். பிர்லா தலைவர், தக்கர் செயலாளர். நவம்பரில் லண்டன் போகும் வழியில் அம்பேத்கர் தக்கருக்கு எழுதினார். ஒடுக்கப்பட்டவர்களை உயர்த்துவதற்கு இரண்டு வழி இருக்கிறது என்கிறார். ஒன்று, தனிமனிதனின் ஒழுக்கக் குறைதான் அவன் துன்பத்துக்குக் காரணம் என்று நம்பி அவனுக்கு மதுவிலக்கும் உடற்பயிற்சியும் கூட்டுறவும் நூலகமும் பள்ளியும் கொடுப்பது. இன்னொன்று, அவனைச் சுற்றியுள்ள சூழல்தான் காரணம் என்று கண்டு அந்தச் சூழலை மாற்றுவது. முதல் வழியில் ஒரு சிலர் மேலே வரலாம். ஒரு வகுப்பு முழுவதும் வராது. ஆகவே கிணற்றிலும் பள்ளியிலும் ஊர்ச்சாவடியிலும் பொதுவண்டியிலும் உரிமைக்கான போராட்டத்தை நடத்துங்கள், மோதல் வரும், வரட்டும் என்கிறார். கூடவே, இந்த வேலைக்கு ஒடுக்கப்பட்ட வகுப்புகளிலிருந்தே ஊழியர்களை எடுங்கள் என்பதையும் சேர்க்கிறார். கூலிக்கு வருகிறவருக்கும் தன் சொந்த வேலையாக நினைத்து வருகிறவருக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும்.

போசன்கே-வெப் சண்டையை ஐந்தாறு பக்கத்தில் தாண்டிப் போகிறார் அம்பேத்கர். வெப்பிடம் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: பாதிக்கப்பட்டவரே முகவராக இருப்பது. அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் படித்தவர் என்பதால் அந்த நாட்டு விவாதங்கள் அவருக்குப் புதுசில்லை. ஆனால் இந்தத் தெளிவு வகுப்பறையில் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை. மகாடிலிருந்து வந்தது. தன் கடிதம் கிடைத்ததாகக்கூட ஒரு வரி பதில் வரவில்லை என்று அவர் பின்னாளில் காங்கிரஸையும் காந்தியையும் பற்றிய நூலில் எழுதினார். நாலு வருஷம் கழித்து அதே பம்பாய் மாகாணத்தில் சமூகப்பணிக்கு ஒரு பள்ளி தொடங்கியபோது, பாடத்துக்கு முன்மாதிரி தேடி அமெரிக்காவுக்குப் போனார்கள்.

*

சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கெல்லாம் முன்பே இங்கே சமூகக் கொள்கை உருவாகிவிட்டது, வேறு பாதையில். சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது 1920-இல், நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்தில். காமராஜர் 1956-இல், எம்.ஜி.ஆர். 1982-இல், காலைச் சிற்றுண்டி 2022-இல். இதில் எதுவும் சமூகப்பணித் துறைகளின் ஆய்வறிக்கையிலிருந்து பிறக்கவில்லை. கட்சி, இயக்கம், ஓட்டு என்கிற மூன்றிலிருந்தும் பிறந்தது. அதனாலேயே பல்கலைக்கழக நிபுணர்கள் நீண்டகாலம் இதைக் 'கவர்ச்சித் திட்டம்' என்று ஏளனம் செய்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழ் படித்தவன் என்பதால் சொற்களிடம் கொஞ்சம் நிற்கிறேன். நம்மிடம் 'தொண்டு' என்கிற சொல் பக்தி மரபிலிருந்து வருகிறது. அடிமைத்தனம் என்பது அதன் பொருள்களில் ஒன்று. (பழந்தமிழில் ஒன்பது என்கிற எண்ணுக்கும் அதுதான் பெயர்; அது வேறு கதை.) இறைவனுக்கு அடிமைப்பட்டவன் தொண்டன், பிறகு கட்சிக்கு அடிமைப்பட்டவன் தொண்டன். பக்தி மரபில் தொண்டு செய்கிறவன் கீழே நிற்கிறான். 'தொண்டு நிறுவனம்' வந்தபிறகு அவன் மேலே நிற்கிறான், பெறுகிறவன் கீழே. தலைகீழ் மாற்றம், யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 'கேஸ்' என்று ஒரு சொல். அது நமக்குப் போலீஸ் ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும்தான் தெரியும். மொழிபெயர்த்துத் 'தனிநபர் பணி' என்று ஆக்கினாலும் அந்த வாடை போவதில்லை. 'கொள்கை' இன்னும் வேடிக்கை. உயிரைக் கொடுப்பேன் என்று மேடையில் சொல்வதும் கொள்கை. மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கிற அச்சிட்ட புத்தகமும் 'கொள்கை விளக்கக் குறிப்பு'. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாகப் பிரிந்துகிடப்பது தமிழில் ஒன்றாக ஒட்டிக்கிடக்கிறது.

அந்தக் கொள்கை விளக்கக் குறிப்பில் ஒரு வரியாக வருகிற சமூகநலத் திட்டங்களைத் தெருவில் நடத்துகிறவர்கள் யார்? பட்டம் வாங்கிய சமூகப்பணியாளர்கள் அல்ல. 1982-க்குப் பிறகு சத்துணவு மையங்களுக்கு எடுக்கப்பட்ட அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும், 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பெண்களும். பெரும்பாலும் பெண்கள், விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் நிறைய. குழந்தையின் எடையைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள், வீடு வீடாகப் போகிறார்கள், கர்ப்பிணியைப் பின்தொடர்கிறார்கள், எந்த வீட்டில் என்ன சண்டை என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். ரிச்மண்ட் கனவு கண்ட கோப்பு முழுவதும் இவர்கள் கையில்தான் இருக்கிறது. நாள்முழுக்க உழைப்பு, ஆனால் மத்திய அரசின் கணக்கில் இவர்கள் 'கௌரவ ஊழியர்கள்', வாங்குவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். சாலை மறியலும் ஆட்சியர் அலுவலக முற்றுகையும் கைதும் இவர்களுக்குப் பழகிப்போன விஷயம். கைதாகி மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறபோது அவர்கள் பேசுவதைக் கேட்டவர்களுக்கு, சத்துணவுக் கொள்கையில் எது நடக்கிறது, எது காகிதத்தோடு நிற்கிறது என்பது எந்த மதிப்பீட்டு அறிக்கையையும்விடச் சுத்தமாக விளங்கியிருக்கும். அவர்களை அழைத்து வைத்துக்கொண்டு சமூகக் கொள்கைப் பாடத்திட்டம் எழுதிய துறை ஏதும் என் கண்ணில் படவில்லை.

குஜராத்தைச் சேர்ந்த அங்கன்வாடி ஊழியர்கள் பணிக்கொடை கேட்டுத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இவர்கள் ஊழியர்களே அல்ல, இது நிறுவனமும் அல்ல, கொடுப்பது கூலியும் அல்ல என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2022 ஏப்ரலில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த மதிப்பூதியம் கூலிதான், பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பானது.